கல்லூரிக்குப் பூட்டு

கேள்வி: ஆண்டு விழா, அலங்கார வளைவு எல்லாவற்றுக்கும் எங்கள் கல்லூரியில் பணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குக் கேட்டால் மட்டும், “நம்மகிட்ட திருட என்னய்யா இருக்கு?” என்கிறார் தாளாளர். என்ன பதில் சொல்வது?

பதில்: திருடவே வேண்டாம், வெளியிலிருந்து ஒருவன் பூட்டிவிட்டாலே போதும் என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் கல்லூரி 1865-ல் தொடங்கியது. 1912 தீ விபத்து, 1918 ஃப்ளூ, இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் தாண்டியது. 2021 டிசம்பரில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, மாணவர் சேர்க்கை, நிதி திரட்டல் விவரங்களை முடக்கியது. பணயத்தொகை கட்டியும் எல்லாம் சீராக 2022 மார்ச் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால், அடுத்த ஆண்டுக்குப் போதிய மாணவர்கள் இல்லை! கொரோனாவில் ஏற்கெனவே தள்ளாடிய கல்லூரி, அந்த மே 13-ல் மூடப்பட்டது.

தப்பிக்கப் பெரிய செலவில்லை. முதல்வர் முதல் கிளார்க் வரை எல்லோர் லாகினுக்கும், பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு. நெட்வொர்க்கில் சேராத தனி பேக்கப். அது திரும்பத் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதனை. பேராசிரியர் மாலையும் பொன்னாடையுமாக ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய லாகின் மட்டும் பணியில் தொடர்வதை நிறுத்துங்கள். ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைக் கிழியுங்கள்.

தாளாளர் அப்போதும் மசியவில்லையா? மாணவர்களின் ஃபீஸ் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்று மெல்லச் சொல்லுங்கள். அன்றைக்கே கையெழுத்து விழும்.