மலையேறும் பழைய கார்

கல்வராயன் மலைக்குச் சாலை சரியாக இல்லாத காலத்தில் ஆசிரியர்கள் மலையிலேயே குடியிருந்தோம். சாலை நன்றாகப் போட்ட பிறகு கள்ளக்குறிச்சியில் வீடு பார்த்துக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறோம். என் பணிக்காலத்தில் நான் கண்ட மாற்றங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை. அன்று எங்களில் யாரும் கனவிலும் நினைக்காத ஒரு கேள்வி இன்று ஆசிரியர் அறையில் அன்றாடம் அடிபடுகிறது: குறைந்த விலையில், நடுவழியில் நிற்காத பழைய கார் எது?

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990களின் நடுவில், மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில். திங்கட்கிழமை விடியற்காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்கு இடம் பிடிக்க வேண்டும். அதை விட்டால் கச்சிராயபாளையம் போய், மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மேலே போகும் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆள் ஏற்றும் ஜீப். உள்ளே உட்கார்ந்தவர்கள் போகப் பின்னால் தொங்கிக்கொண்டு வருபவர்கள் தனி. கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதை தொடங்கியதும் ஜீப்பில் பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மாலைதான் வீடு திரும்புவோம். பிள்ளைகளை என் மாமியார்தான் வளர்த்தார்.

அந்த மலையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தப் போக்குவரத்துச் சிரமம் வியப்பாக இராது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. நான் போன காலத்திலும் கிராமத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் தூளி கட்டித் தோளில் சுமந்துதான் சாலைக்குக் கொண்டுவருவார்கள். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலை எட்டாத குக்கிராமங்களுக்கு அதற்குப் பிறகும் தூளிதான்.

அப்போது கார் என்றால் கள்ளக்குறிச்சியில் நிற்கும் வாடகை அம்பாசிடர். வசதி உள்ளவர்கள் மாருதி 800 வைத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்தபோது அதன் விலை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அன்றைய ஆசிரியருக்கு அது பெரிய தொகை. மலைக்கு வாடகை பேசும் டிரைவர்கள் அம்பாசிடரைத்தான் நம்பினார்கள். பாதி வழியில் நின்றாலும் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் கிளப்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. வண்டி நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டு, எப்படியும் கிளப்பலாம் என்பதில் வைத்த நம்பிக்கை அது. இன்று எட்டே முக்கால் மணிக்கு வகுப்பறையில் இருக்க வேண்டியவருக்கு அந்த நம்பிக்கை போதாது. வண்டி நிற்கவே கூடாது.

1998இன் கடைசியில் டீசலிலும் ஓடும் டாடா இண்டிகா வந்தது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்த காலம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் டீசலைத் தேடினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. பழைய டீசல் காரில் இன்ஜெக்டரோ டர்போவோ கெட்டால் ஆகும் செலவு, மிச்சம் பிடித்த எரிபொருள் பணத்தை ஒரே வாரத்தில் தின்றுவிடும். ஆகவே இன்று என்னைக் கேட்கும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: தினசரி ஓட்டத்துக்குச் சின்ன பெட்ரோல் கார் போதும்.

சின்ன பெட்ரோல் கார்களிலும் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. ஆல்டோ 800இல் இருப்பது 796 சிசி இன்ஜின். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமதரையில் குறையே சொல்ல முடியாது. நான்கு பேர் உட்கார்ந்து, ஏசியும் போட்டு, கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதுதான் திணறும். ஆல்டோ கே10, வேகன் ஆர் இரண்டிலும் வரும் 998 சிசி இன்ஜினுக்கு அந்தத் திணறல் குறைவு. அதில் டைமிங் செயின் இருப்பதால் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. பழைய சான்ட்ரோ ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். ஆனால் அதில் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று கேட்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று 2009இல் வந்த நானோ, பழைய சந்தையில் எல்லாவற்றிலும் மலிவாகக் கிடைக்கிறது. 2018இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. உதிரிபாகத்துக்காக அலைய முடியாதவர்கள் அதை வாங்க வேண்டாம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் இதையே சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "டீச்சர், விலைய அப்புறம் பாக்கலாம். வாட்டர் பம்ப் போச்சுன்னா கள்ளக்குறிச்சியிலயே அன்னைக்கே கெடைக்குமான்னு பாருங்க. சேலம் போய்த்தான் வாங்கணும்னா ரெண்டு நாள் லீவு போடணும்." நான் கேட்டவற்றில் இதைவிட நல்ல ஆலோசனை இல்லை. மாருதியின் சின்ன வண்டிகள் பழைய சந்தையில் கொஞ்சம் விலை கூடுதலாக நிற்பதற்குக் காரணமும் இதுதான். அந்தக் கூடுதல் பணம் வீணில்லை.

நான் கார் வாங்கப் போனபோது என் தம்பியையும் மெக்கானிக் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். புரோக்கர் என் தம்பியிடமே பேசிக்கொண்டிருந்தார். ஓட்டப் போவது நான்தான் என்று தம்பி சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அண்ணன் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார், சூடாக இருக்கிறதா என்று. ஆட்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது வரும் சத்தமும் புகையும் தெரியாமல் போய்விடும். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். பெல்ட்டின் அடிப்பகுதியில், வழக்கமாக வெளியே வராத அந்த முழ நீளத்தில், காய்ந்த சேற்றின் கோடு ஒன்று இருந்தது. சீட்டுக்கு அடியில், அது முன்பின் நகரும் கம்பி துருப்பிடித்திருந்தது. "வெள்ளத்துல நின்ன வண்டி, வாங்க போலாம்" என்றார். மேலே பாலிஷ் போட்டுப் புதுசு போலிருந்த கார் அது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023இன் மிக்ஜாம் புயல், 2024இல் விழுப்புரத்தையும் கள்ளக்குறிச்சியையும் சேர்த்து அடித்த ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. உள்ளே வயரிங் அரித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வண்டி பனிமூட்டத்தில் வெள்ளிமலை ஏற்றத்தில் விளக்கணைந்து நின்றால் என்ன ஆகும் என்பதை மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை எவ்வளவு குறைவானாலும் அதைத் தொடக்கூடாது.

பார்க்க வேண்டியவை இன்னும் சில. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் மலைக்கு உதவாது. ஓட்டிப் பார்ப்பதைச் சேலம் மெயின் ரோட்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கோமுகி அணை தாண்டி முதல் சில வளைவுகளாவது ஏற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் இன்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். அப்படியும் சக்கரத்தில் கருகிய வாடை வந்தால் பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஹெட்லைட்டையும் பாருங்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைச் சாலையில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டில் போய்க்கொண்டிருக்கும்.

அன்று வண்டி கைமாறுவது வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். ஆர்சி புத்தகத்தைக் கையில் கொடுத்தால் சரி. பெயர் மாற்றாமலே மூன்று நான்கு பேரிடம் வண்டி ஓடியிருக்கும். இன்று அதற்கு இடமில்லை. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்தால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே. விற்கிறவருக்கு இது ஆபத்து. வாங்குகிறவருக்கோ, காப்பீடு பெயர் மாறாமல் இருந்தால் தன் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்க முடியாத நிலை. ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 கேளுங்கள். கட்டாத அபராதம் ஏதும் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். இவை முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

வண்டியின் வயதும் பணம்தான். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025இல் அது 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. 2012 மாடல் மலிவாக வருகிறது என்றால், 2027இல் வரப்போகும் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் மலிவா என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புது வண்டியே விலை இறங்கிய பிறகு பழைய வண்டிக்குப் பழைய விலையே சொன்னால் தைரியமாகக் குறைத்துக் கேளுங்கள்.

என் கணக்கு எளிமையானது. கையில் இரண்டரை லட்சம் இருந்தால் இரண்டு லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் முதல் வருடத்துக்கு: டயர், பேட்டரி, பிரேக், கிளட்ச், காப்பீடு, பெயர் மாற்றம். முழுப் பணத்தையும் போட்டு வண்டி வாங்கிவிட்டுப் பழைய டயரோடு மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பெட்ரோலுக்கு, நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு நூற்றுச் சொச்சத்தில் ஒரு நாள் முடியும். தனியாக ஓட்டினால் எந்தப் பழைய காரும் மலிவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மனதில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் கார் இருக்கிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இல்லை. நாங்கள் மாலையில் இறங்கி வந்துவிடுகிறோம். அவர்கள் பஸ்ஸுக்காக அங்கேயே நிற்கிறார்கள். மலையிலேயே குடியிருந்த நாட்களில் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது எங்களுக்குத் தெரியும். இப்போது வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பின்னர் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கென்று தனி வட்டமும் கிடைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலையும் போக்குவரத்தும் என்ன ஆயிற்று என்று அரசைக் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அது.

மலைக்கு எல்லாவற்றிலும் மலிவான, நம்பகமான வண்டி, நேரத்துக்கு வரும் அரசு பஸ்தான். பள்ளி தொடங்குமுன் மேலே சேரும் ஒரு பஸ், பள்ளி முடிந்த பின் கீழே இறங்கும் ஒரு பஸ், ஒவ்வொரு வழித்தடத்திலும் தவறாமல் ஓடட்டும். அதுவரை பழைய கார் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்காமல் பிரேக்கையும் கிளட்சையும் ஆர்சியையும் பார்த்து வாங்குங்கள். சீட் காலியாக இருந்தால், வழியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.