நனையாத வடிகாலுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: எங்கள் தெரு மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டு மழைநீரும் புகாமல் காத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

எங்களுடையது தாத்தா கட்டிய ஓட்டு வீடு. நாலு தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, ரேழிக்கு அடியில் போகும் சுட்டமண் குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடிவிடும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 10 செ.மீ. கொட்டினால் ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். அத்தனையையும் அந்த நாலு அங்குலக் குழாய் முனகாமல் வெளியேற்றி வந்தது.

இந்த வருஷம் முற்றம் குளமாகிவிட்டது. கொத்தனார் வந்து குழாய்க்குள் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். வேப்பமர வேர் ஒரு கொத்து, ஓட்டுச் சில்லுகள், காணோம் என்று அத்தை வீட்டையே இரண்டாக்கிய சந்தனக் கிண்ணம் எல்லாம் வந்தன. தண்ணீர் மட்டும் நகரவில்லை. வாசல் பக்கம் பிளாச்சு 'டொக்' என்று முட்டி நின்றது. இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அடைப்பு இல்லீங்க, கான்கிரீட்டு. நல்ல சரக்கு" என்றார்.

போன கோடையில் தாங்கள் கட்டிய வடிகாலின் சுவர்தான் அது. எங்கள் குழாய் வாய்க்கு ஓட்டை விடாமல் சென்ட்ரிங் அடித்து ஊற்றியிருக்கிறார் ஒப்பந்ததாரர். தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர் நிற்கையில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே புழுதி, இரண்டு சிமெண்ட் சாக்கு, நிம்மதியாகத் தூங்கும் ஒரு நாய். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். சுரண்டுகிற சிரமத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே வீட்டைவிடச் சாலை உயரம், சாலையைவிட வடிகால் உயரம். தண்ணீர் மேல்நோக்கி ஓடக் கற்றுக்கொண்டால் இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு என்று 2003-இல் அரசு கட்டாயமாக்கியது. எங்கள் வீட்டில் அதை முழுமையாக நிறைவேற்றியவர் தாங்களே. சேகரித்த நீரைத் தங்கள் கொசு ஒழிப்புப் பணியாளரும் வந்து பார்த்தார். நன்னீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும் என்று விளக்கிவிட்டு, முற்றத்தில் நீர் தேக்கிய குற்றத்துக்கு அபராத நோட்டீஸ் தந்து போனார். இத்துடன் இணைத்துள்ளேன்.

வேண்டுவது நாலு அங்குல ஓட்டை ஒன்று. டெண்டர், பூமி பூஜை எதுவும் வேண்டாம். கொத்தனார் உளியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றதற்கு, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினால் போலீஸ் வழக்கு என்கிறார் தங்கள் உதவிப் பொறியாளர். அந்தச் சுவர் அரசுச் சொத்து என்றால், அது தேக்கி வைத்திருக்கும் தண்ணீரும் அரசுச் சொத்துதானே? அபராதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சொத்து வரி பாக்கியில்லாத ஒருவன்