பிழ அடைத்த கதை

காரின் வைப்பருக்கு அடியில் செருகியிருந்த சீட்டைப் புதுப் பிரியாணிக் கடையின் நோட்டீஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும். பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டதால் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரும். வாசித்தேன்: "அனதிகிருத பார்க்கிங். பிழ 500 ரூப. உடன் அடய்க்கணும்."

வீட்டுக்குள் போய் மனைவியிடம், "ஏதோ பிழை நடந்துவிட்டதாம். அவர்களே ஒத்துக்கொண்டு 500 ரூபாய் தருகிறார்கள்" என்றேன்.

அவளுக்கு அம்மா வழியில் நெய்யாற்றின்கரை. சீட்டை வாங்கிப் பார்த்தாள். "பிழன்னா அபராதம். நீங்கதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தமிழில் ஒருவன் செய்த தப்புக்குப் பெயர் பிழை. மலையாளத்தில் அந்தத் தப்புக்காக அவன் கட்டும் பணத்துக்குப் பெயர் பிழ. நாம் தப்போடு நின்றுவிட்டோம். அவர்கள் வசூல் வரைக்கும் போயிருக்கிறார்கள். நாம் ஓட்டையை அடைப்போம், கடனை அடைப்போம். இங்கே கரண்ட் பில்லையும் அடைக்க வேண்டும், பிழயையும் அடைக்க வேண்டும்.

நான் காரை நடுரோட்டிலோ ஆம்புலன்ஸ் போகிற வழியிலோ நிறுத்தவில்லை. என் இடத்தில் நிறுத்தியிருந்தேன். தூணில் மஞ்சள் பெயிண்டால் 27 என்று எழுதிய இடம். வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் "கார் நிறுத்துமிடம் உட்பட" என்று எழுதி, நானும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்ட இடம்.

வங்கி மாற்றலில் நாகர்கோவிலை விட்டுத் திருவனந்தபுரம் வந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கிள்ளிப்பாலம் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில். ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதத்துக்கு. ஒரு வருடத்தைத் தாண்டினால் 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் நம்மைப் பதிவு அலுவலகத்துக்கு இழுக்கும் என்பதால், இந்தியா முழுவதும் வாடகைக்காரர்களுக்கு வருடம் 11 மாதங்களில் முடிந்துவிடுகிறது.

கீழே போய் செக்யூரிட்டிப் பெரியவரைக் கேட்டேன்.

"ஸ்டிக்கர் இல்லல்லோ சாரே."

"சேட்டா, ஒன்பது மாசமா தினமும் எனக்கு சல்யூட் அடிக்கிறீங்க. என்னைத் தெரியாதா?"

"சாரினெ அறியாம். வண்டிய அறியில்ல."

இதற்கு என்ன பதில் சொல்வது? என் கார் டி.என். 74. நாகர்கோவிலில் அது வீட்டுப்பிள்ளை. இங்கே, எத்தனை நாள் தங்கினாலும், சாயங்காலம் கிளம்பிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற விருந்தாளி.

செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். திருவனந்தபுரத்தில் பாதிப்பேர் செக்ரட்டேரியட்டுக்குள் வேலை பார்த்தவர்கள். மீதிப்பேர் அதன் வாசலில் சமரம் செய்தவர்கள். இவர் முதல் ரகம். கோப்பைத் திறந்து, பொதுயோகத்தின் தீர்மானத்தை எடுத்து நீட்டினார். சொந்தக்காரர்கள் குடியிருந்தால் ஸ்டிக்கர் இலவசம். வாடகைக்காரர் என்றால் மாதம் 750 ரூபாய். கட்டாதவர் வண்டி அன்னியர் வண்டி. அன்னியர் வண்டிக்குப் பிழ.

"பார்க்கிங் உடமஸ்தனுக்குள்ள அவகாசமாணு. வாடகக்காரனு அவகாசமில்ல" என்றார்.

எனக்கா அவகாசமில்லை? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு அவகாசம்தானே என்று நினைத்துக்கொண்டேன். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் நானே ஒரு கோளாறு செய்திருந்தேன். வேற்று மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி கே.எல். நம்பருக்கு மாற்ற வேண்டும் என்று அவர் ஞாபகப்படுத்தினார். நான் விறைப்பாக, "தெரியும் சார். எனக்கு 12 மாசம் அவகாசம் இருக்கு" என்றேன். அவர் காதில் அது, பன்னிரண்டு மாத உரிமையோடு ஒரு பாண்டிக்காரன் வந்து நிற்பதாக விழுந்திருக்கிறது. முகம் சிவந்துவிட்டது.

"சார், இது கராரில் இருக்கு" என்று ஒப்பந்தத்தைக் காட்டினேன். கரார் என்றால் ஒப்பந்தம் என்று வங்கியில் கற்றிருந்தேன். தமிழில் கறாராக இருப்பது மனிதர்கள், இங்கே காகிதம்.

"சங்கம் அதில் ஒப்பிட்டிட்டில்லல்லோ?"

எதோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். கையெழுத்தைச் சொல்கிறார். சங்கம் கையெழுத்துப் போடாத காகிதம் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அவர் சொல்வதும் ஒரு நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடவில்லையே, அது மட்டும் என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்? கேட்டேன். அவர் கோப்பை மூடினார்.

இந்த ஊரில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. நம் சாமானை நாமே ஆள் வைத்து இறக்கினாலும், ஓரமாக நின்று அதை நோக்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தரவேண்டிய கூலி. 2018 மே 1 முதல் அது கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. அறிவித்த பிறகும், 2021 செப்டம்பரில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றி வந்த லாரியை மறித்துப் பணம் கேட்டார்கள். போலீஸ் வந்த பிறகே லாரி உள்ளே போக முடிந்தது. ராக்கெட் விடுகிறவர்களுக்கே அந்தக் கதி. என் கார் என் இடத்தில் சும்மா நிற்கிறது. சங்கம் அதை நோக்குகிறது. அதற்கு 750 ரூபாய். கூலித் தொழிலாளி கேட்டால் அது அடாவடி, மாடிவீட்டுக்காரர்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் அது பராமரிப்பு.

அன்று ராத்திரி சட்டம் படிக்க உட்கார்ந்தேன். வங்கிக்காரனுக்குச் சட்டத்தின் பொடி எழுத்து பயமில்லை. 1965ஆம் வருடத்துக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டடம் என்பதற்குள் தோட்டம், மனை, கிணறு, குளம் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறது. வாடகைக்காரன் அனுபவித்துவரும் வசதியைத் தக்க காரணமில்லாமல் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. படித்துவிட்டுத் துள்ளினேன். பிறகுதான் அது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும் சட்டம், சங்கத்தை அல்ல என்பது புரிந்தது. என்னிடம் குளம் இருந்து, வீட்டுக்காரர் அதைப் பிடுங்கியிருந்தால் ஜெயித்திருப்பேன்.

மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் முறையிட்டேன். வீட்டுக்காரர் குரல்செய்தி அனுப்பினார். 27ஆம் இடத்தை பில்டரிடமிருந்து தனியாக இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறாராம். யாருக்கும் பயப்பட வேண்டாமாம். உற்சாகத்தில் மேலும் படித்தேன். அங்கேதான் சனி பிடித்தது. தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங் இடத்தைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. ஆனால் 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுமைக்கும். அது திறந்த பார்க்கிங்கைப் பொது இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கராஜ் என்றால் மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் வேண்டும் என்கிறது. கீழே போய்ப் பார்த்தேன். 27க்குக் கூரை உண்டு. சுவர் ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் தூண், மூன்றாவது பக்கம் 26ஆம் வீட்டு டாக்டரின் ஸ்கூட்டர்.

இதை ஆர்வக்கோளாறில் மஸ்கட்டுக்கு எழுதிவிட்டேன். மூன்று நாள் பதிலே இல்லை. என் உரிமையைத் தேடிக் கிளம்பியவன் அவருடைய உரிமையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றேன்.

விட மனமில்லாமல் டேப் எடுத்து அளந்தேன். 1999ஆம் வருடத்துக் கேரள நகராட்சிக் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்த 5.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம் வேண்டும் என்று இருந்தது. என் 27, தூணைக் கழித்தால், 4.9க்கு 2.3. ஓட்டுநர் பக்கக் கதவை முழுதாகத் திறக்க முடியாமல் ஒன்பது மாதம் வயிற்றை எக்கி இறங்கிக்கொண்டிருந்ததற்கு என் தொப்பை காரணமில்லை என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம். யாராவது பிழ அடைக்க வேண்டுமென்றால் அந்தத் தூண்தான் அடைக்க வேண்டும்.

"நீங்க என்னத்துக்கு 750 ரூபாய்க்கு இப்படி ராத்திரி முழிச்சிருக்கிய?" என்றாள் மனைவி. பணமா பெரிது என்றேன். "பின்னே?" என்றாள். பணமும்தான்.

லண்டன் பக்கம் குராய்டனில் இருக்கும் அக்கா மகனிடம் புலம்பினேன். "மாமா, இங்க வந்து பாருங்க" என்று சிரித்தான். அங்கே இதற்கென்றே தனியார் கம்பெனிகள் இருக்கின்றன. கண்ணாடியில் வைத்த அனுமதிச்சீட்டு வழுக்கிக் கீழே விழுந்திருந்தால், சொந்த இடத்தில் நின்ற காருக்கே நூறு பவுண்டு நோட்டீஸ் வரும். முன்பெல்லாம் சக்கரத்துக்குப் பூட்டே போடுவார்களாம். இங்கிலாந்தில் தனியார் இடங்களில் அதை 2012 அக்டோபரில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அங்கே ஒரு பெண், தான் குடியிருந்த கட்டடத்து வாசலில் காரை நிறுத்தி, ஒரு மேசையை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர் பணம் கட்டவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. சாமான் இறக்க நிறுத்துவது பார்க்கிங் ஆகாது, குடியிருப்பவருக்குக் குத்தகைப் பத்திரம் தந்த உரிமையைப் பிறகு வந்து மாட்டிய போர்டு பறிக்க முடியாது என்று 2016இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தில் இரண்டு மணி நேரக் கெடுவைத் தாண்டி 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு செல்லும் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அடுத்தவன் இடத்தில் நின்றால் கட்டு. உன் வாசலில் நின்றால் வேண்டாம். எனக்கு இது சரியாகப்படுகிறது.

கேரளத்திலும் அடுத்தவன் இட வழக்கு ஒன்று நடந்தது. கொச்சி இடப்பள்ளி லூலூ மாலில் பார்க்கிங் கட்டணம் வாங்குவது முதல் பார்வைக்குச் சரியாகத் தோன்றவில்லை என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025இல், உரிமம் இருந்தால் வாங்கலாம் என்று முடிந்தது. என்னைப்போல 27ஆம் தூணில் மாட்டியவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

இடம் யாருடையது என்று அடித்துப் பேச இந்த ஊர் தோதானதும் இல்லை. 1750இல் மார்த்தாண்டவர்மா திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசனாக நின்று ஆண்டார். ராஜாவே சாமி இடத்தில் குடியிருந்த ஊரில், உடமஸ்தன் உடமஸ்தன் என்று சங்கம் குதிப்பது கொஞ்சம் அதிகம்தான். இதைச் செக்ரட்டரியிடம் சொல்லவில்லை. ராஜாவிடமும் 750 கேட்டிருப்பார்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஆற்றுகால் பொங்காலை வந்தது. கும்ப மாதம். 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாக கின்னஸில் ஏறிய திருவிழா. கோயிலைச் சுற்றிச் சாலை, சந்து, பஸ் நிறுத்தம், பெட்ரோல் பங்க் வாசல் என்று முந்தின நாளே மூன்று மூன்று செங்கல்லாக இடம் பிடித்துவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் கார்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் நாகர்கோவிலுக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் 27இல் நான்கு அடுப்பு. ஒன்று என் மனைவியுடையது. ஒன்று டாக்டரம்மாவுடையது. மற்ற இரண்டுக்கும் முன்னால் செக்ரட்டரியின் மாமியாரும் கோட்டயத்திலிருந்து வந்த மைத்துனியும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தூண் ஓரம் என்பதால் காற்று அடிக்காதாம்; கட்டடத்திலேயே நல்ல இடம் அதுதானாம். ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்க என் நாக்கு துடித்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டேன்.

கோயிலில் முதல் அடுப்பான பண்டார அடுப்பு பற்றவைத்ததும் ஊர் முழுக்கப் புகை. பக்கத்து அடுப்புக்கு ஓலை, நெருப்பு, வெல்லம் கைமாறின. நைவேத்தியத்துக்கான தெரளியும் மண்டபுற்றும் வெந்துகொண்டிருந்தபோது மாமியார் என் மனைவியிடம், "இது ஆருடெ ஸ்தலமா மோளே?" என்று கேட்டிருக்கிறார். "எங்களோடது அம்மா. ஆனா நாங்க இங்க வண்டி விட்டா உங்க மருமகன் பிழ போடுவாரு" என்று இவள் மலையாளத்தில் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மாநகராட்சி வண்டி வந்து செங்கல்களை அள்ளிக்கொண்டு போனது. ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்கு அவற்றை எடுத்துக்கொள்வார்கள். அந்த வீடுகளுக்காவது கார் வராமல் இருக்க வேண்டும்.

மார்ச் மாதக் கமிட்டியில் தீர்மானத்தைத் திருத்தினார்கள். ஸ்டிக்கர் இனி ஆளுக்கு இல்லை, ஃப்ளாட்டுக்கு. ஃப்ளாட்டில் யார் குடியிருந்தாலும் ஒன்று இலவசம். லேமினேஷனுக்கு மட்டும் 50 ரூபாய். என் பிழ ரத்து என்று எழுதி, சங்கமே ஒப்பிட்டுத் தந்தது. செக்யூரிட்டிப் பெரியவர் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, முதல்முறையாக என் காருக்கும் சேர்த்து சல்யூட் அடித்தார்.

ஏப்ரலில் பழைய கரார் முடிந்தது. புதியதில் "தூண் எண் 27" என்று தெளிவாக எழுத வேண்டும் என்று மஸ்கட்டுக்குச் சொன்னேன். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். எழுதியிருக்கிறார். வாடகையில் மாதம் 750 ரூபாய் கூட்டியிருக்கிறார்.