'பொறவு' என்னும் காலம்: கீரிப்பாறையை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் காலத்தை மூன்றாகப் பிரித்தார்: இறப்பு, நிகழ்வு, எதிர்வு. அவரது தொல்காப்பியத்தைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான், இன்றைய குமரி மாவட்டத்து அதங்கோட்டுக்காரர் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த ஆசான் ஒருநாள் எங்கள் ரப்பர் ஊரான கீரிப்பாறை வரை வந்திருந்தால் மூன்று காலம் போதாது என்று நூலைத் திருப்பி அனுப்பியிருப்பார். எங்கள் பேச்சின் இப்பம் (இப்போது), இன்னா (இதோ), பொறவு (பிறகு) மூன்றும் கணக்கில் விடுபட்டுப் போயின.

முதலில் முன்-பின் சிக்கல். வரப்போவதை 'எதிர்காலம்' என்கிறோம். முகத்துக்கு நேரே வருகிறது. அதையே 'பின்னால பாத்துக்கலாம்' என்று முதுகுப்பக்கமும் தள்ளுகிறோம். ஆங்கிலத்தின் யோக்கியதையும் இதுதான்: கண்ணெதிரே நிற்பதற்கும் 'பிஃபோர்', கழிந்து போனதற்கும் 'பிஃபோர்'. ஆண்டிஸ் மலையின் அய்மாரா மக்கள்தான் ஒழுங்கு. நடந்ததைப் பார்த்தாயிற்று, ஆகவே அது முன்னால். நடக்கப்போவதைப் பார்க்கவில்லை, ஆகவே அது பின்னால்.

இனிக் கள ஆய்வு. கீரிப்பாறையில் முன்பின் பிசகாத ஒரே ஜீவன் ரப்பர் மரம். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டையைச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். சொட்டித் தீரும்வரை பொறுத்து, சிரட்டையில் உறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆசிட் அதன் பிறகு, ஷீட் அதற்கும் பிறகு. பிந்தினால் கிடைப்பது ஒட்டுப்பால். அதற்கு விலை மட்டம். 1984-இல் அரசு ரப்பர் கழகமே வந்தது. மரத்தின் இந்த விதிக்கு அதனாலும் ஒரு திருத்தம் கொண்டுவர முடியவில்லை.

தோட்டம் முடிந்து சாயக்கடைக்கு வந்ததும் இலக்கணம் மாறிவிடுகிறது. போனில் 'இன்னா வந்துட்டேன் அண்ணாச்சி' என்றால், ஆள் இன்னும் சாரத்தை மாற்றவில்லை என்று பொருள். 'இப்பம் வாறேன்' என்பதற்கு ஒரு மணி நேரம் என்றும், மழை விட்டால் என்றும் இரு பாடங்கள் உண்டு. முன்னது பிற்காலத்து இடைச்செருகலாக இருக்கலாம்.

'பொறவு தாறேன்' கடனுக்கே உரியது. இதற்குத் தொடக்கம் உண்டு. முடிவு எங்கும் வகுக்கப்படவில்லை. 'எப்பம்?' என்று திருப்பிக் கேட்பது சொந்தபந்தத்தைக் கெடுக்கும். ஆகவே கைமாற்று கொடுப்பவர்கள், 'பொறவு' என்ற சொல் காதில் விழுந்த உடனே ரூபாயை மடியில் திரும்பச் செருகிக்கொள்ளவும்.