சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம்

பள்ளி விடுமுறையில் மாமாவோடு சுண்ணாம்பு வாளி தூக்கிக்கொண்டுதான் நான் முதன்முதலில் ஏர்வாடிக்குப் போனேன். 1990-களின் நடுப்பகுதி. மாமா கீழக்கரையில் சுவர் எழுதுகிறவர். வெள்ளையடிப்பது, வஜ்ரம் காய்ச்சுவது, நூல் பிடித்துக் கோடு போடுவது எல்லாம் என் வேலை.

சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மூலையில் கட்சியின் பெயரும் ஆண்டும் 'ரிசர்வ்' என்ற சொல்லும் இருந்தால் தேர்தல் வரை வேறு யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். சிவப்பு முக்கோணம் என்றால் குடும்பக் கட்டுப்பாடு. எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிக்கும் அது புரியும். மூத்திர நாற்றம் அடிக்கும் சந்தில் பிள்ளையார், பிறை, சிலுவை மூன்றையும் வரிசையாக வரையச் சொல்வார்கள். "எந்தச் சாமிக்குப் பயப்படுறவனா இருந்தாலும் ஒதுங்கிப் போயிருவான்டா" என்பார் மாமா. சந்தைக் காக்கப் போட்ட படம்தான். ஆனால் இந்தக் கடற்கரையில் யார் யார் சேர்ந்து வாழ்கிறோம் என்பதை அதைவிட நேராகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

ஒருநாள், கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு மனநலக் காப்பகத்தின் முன்சுவரில் பெயர் எழுதும் வேலை வந்தது. ஏர்வாடி தர்காவுக்குப் போனால் மனநோய் தீரும் என்று நம்பி வெளியூர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் வரும். கூடவே தங்க முடியாதவர்கள் நோயாளியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். மாமா பச்சையில் பெயர் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்தார். கீழே 'அன்பான பராமரிப்பு' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசும் சத்தம். யாரோ நகர்ந்தால் கேட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

"என்ன மாமா அது?"

"வாளியைப் பிடி."

திரும்பும் பேருந்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ஏர்வாடியில் வேறொரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பில் 25 பேர் என்றே இருக்கிறது. சாவு அந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அந்த மாதமே காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். மாமா எழுதிய சுவரை யாரோ வெள்ளையடித்து மறைத்தார்கள். இரண்டு மழைக்குப் பின் பச்சை எழுத்து மங்கலாகத் திரும்பத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் மாமா வாயைத் திறந்தார்: "எனக்கும் கேட்டுச்சுடா."

இப்போது ஃப்ளெக்ஸ் வந்து அவர் தொழிலை மூடிவிட்டது. ஏர்வாடியும் மாறியிருக்கிறது. தர்காவில் பிரார்த்தனையோடு மருத்துவமும் மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது, நல்ல காரியம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

சட்டம் சொல்வதை எல்லோர் கண்ணிலும் படவைக்கச் சுவரால் முடியும். 2000-களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் எழுதி வைத்தார்கள். பேச்சு பரவியது உண்மை. கூடவே, புள்ளிராஜா என்ற பெயர் ஒருவனைக் கேலி செய்யும் வசவாகவும் ஆனது. பின்னர் சென்னை இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில், எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குவதற்கு எதிராகப் பெரிய பெரிய முகங்களை வரைந்தார்கள். அங்கே கேலி இல்லை. முகங்கள் நம்மைப் பார்க்கின்றன, நாமும் பார்த்தாக வேண்டும். ஒரே நோயைப் பற்றி இரண்டு காலத்தில் நாம் பேசிய இரண்டு விதம் அவை. இரண்டாவதுதான் சரி.

மனநோய்க்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும். அது ஏர்வாடியில் இருக்க வேண்டும், தர்காவுக்குப் போகும் சாலையில், தமிழிலும் மலையாளத்திலும். 28 முகங்கள், கீழே 95-ஆவது பிரிவின் அந்த ஒரு வரி.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. ஆனாலும் நூல் பிடித்துக் கோடு போட அவரால் முடியும். ஏர்வாடியில் சுவர் வைத்திருப்பவர்களே, ஒரு சுவர் கொடுங்கள். வெள்ளையடிக்க நான் வருகிறேன்.