அஞ்சாம் நம்பர் நூல்

1988-இல் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு வேலை தேடிப் புறப்பட்டபோது என் கையில் இரண்டு உருப்படிகள் இருந்தன. ஒன்று மஞ்சப்பை. மற்றது, சணல் கயிற்றால் கட்டிய ஜமுக்காளச் சுருட்டு.

பையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த கடையில் கொடுத்தது. ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கடை விலாசம். உள்ளே இரண்டு சட்டை, ஒரு வேட்டி, சான்றிதழ்கள், காகிதத்தில் மடித்த கோமதி அம்மன் கோயில் புற்றுமண். மண் கசிந்து வேட்டியெல்லாம் பிரசாதமாகிவிட்டது.

இன்றைக்கு யோசித்தால் அது அசாத்தியமான பை. ஒரே அறை; கையை விட்டால் எதுவும் அகப்படும். காலியானால் சட்டைப்பைக்குள் மடங்கும். ஜிப் கிடையாது, அதனால் ஜிப் கெடாது. ஒரே பலவீனம் அதன் காது. பாரம் மிஞ்சினால் அறுந்துவிடும். அம்மா பழைய வேட்டிக் கரையை மடித்துவைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு பை நைந்தது, காது நையவில்லை.

அப்போது மீட்டர் கேஜ் காலம். கொல்லம் மெயிலில் முன்பதிவில்லாத பெட்டி. இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஜமுக்காளத்தை விரித்தேன், பையைத் தலைக்கு வைத்தேன், விடியும்வரை அடுத்தவர் கால்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

எழும்பூரில் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துத்தான் கட்டணம் சொன்னார். அன்றைய சென்னையில் ‘மஞ்சப்பை’ என்றால் பொருளைச் சொல்வதில்லை, ஆளைச் சொல்வது. முதல் சம்பளத்தில் ஒரு ரெக்ஸின் பை வாங்கி அந்தப் பெயரிலிருந்து தப்பித்தேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமே தொடங்கியது. இப்போது 10 ரூபாய் போட்டால் இயந்திரம் ஒரு மஞ்சப்பையைத் தருகிறது. நான் முப்பது வருடம் அவசரப்பட்டுவிட்டேன்.

போன வருடம் பணி ஓய்வு. இமயமலைப் பக்கம் போவதென்று முடிவெடுத்தேன். அதற்கு முதலில் நல்ல முதுகுப்பை வேண்டுமே. மூன்று மாதம் ஆராய்ந்தேன். பையை லிட்டரில் அளப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் லிட்டர் என்றால் பாலும் மண்ணெண்ணெயும்தான். நாற்பது லிட்டர் பை விமானத்துக்குள் நுழையும் என்றார்கள். ஆனால் உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோதான் கணக்கு. பையே ஒன்றரைக் கிலோ. மீதியில் நான் என்ன கொண்டுபோவது?

ஜிப்பிலும் ஞானம் பிறந்தது. துணி கிழியுமுன் ஜிப்தான் பல்லைக் காட்டும்; ஆகவே 1934-இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்கேகே நிறுவனத்தின் மூன்றெழுத்து அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன், பையை வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு. இல்லை.

மற்றபடி குறை சொல்ல முடியாது. முதுகிலும் மாட்டலாம், கைப்பெட்டியாகவும் பிடிக்கலாம். சங்கரநாராயணர் ஊர்க்காரனுக்கு ஈருருவம் புதிதா என்ன? மழையுறை உண்டு. ரகசிய அறை உண்டு. அதில் எதையோ வைத்தேன், இன்னும் தேடுகிறேன். மார்புப் பட்டைக் கொக்கியில் ஒரு விசில்கூட இருந்தது. மலையில் வழி தவறினால் ஊதவாம்.

மூட்டுவலி வந்து மலை தள்ளிப்போனது. பையின் கன்னிப் பயணம் பொதிகை எக்ஸ்பிரஸில், ஆடித் தபசுக்கு, சொந்த ஊருக்கே. விசில் ஊதத் தேவைப்படவில்லை. சங்கரன்கோவிலில் இறங்கியபோது ஜிப் பல்லைக் காட்டியிருந்தது.

பைக்கு ஆயுள்கால உத்தரவாதம் உண்டு. பை விற்ற நிறுவனம் மூன்று கோணத்தில் படம் கேட்டது, ரசீது கேட்டது, கடைசியில் ‘இயல்பான தேய்மானம்’ என்று பதில் அனுப்பியது. ஆயுள் என்று அவர்கள் சொன்னது பையின் ஆயுளை, அதுவும் முடியும்வரைக்கும். ரத வீதிப் பக்கம் செருப்புத் தைப்பவர் ஒருவர் ஒரே பார்வையில் “ரன்னர் போச்சு” என்றார். நாற்பது ரூபாய். ஆயுள் உத்தரவாதம் எதுவும் அவர் தரவில்லை; ஜிப் இன்றுவரை ஓடுகிறது.

வீட்டில் அப்பா திண்ணையில் இருந்தார். நாற்பது வருடம் விசைத்தறியில் நின்றவர். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உரசினார்.

“என்ன நூலுல இது?”

“நைலான்ப்பா. ஆயிரம் டெனியர்.” ஆயிரத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

“ஆயிரமா? நூறாம் நம்பரே ஊதுனா அந்துரும். ஆயிரம்னா கண்ணுக்கே தெரியாதுல்லா!”

அவர் சொன்னது பருத்திக் கணக்கு. 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் இதற்கு நேர் எதிர்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் ஏற ஏற நூல் தடிக்கும். மூன்று மாதப் படிப்பை மூன்று நிமிடத்தில் ஒப்பித்தேன்.

அப்பா செய்தித்தாள் ஓரத்தில் ஏதோ கூட்டி வகுத்தார்.

“நம்ம கணக்குல அஞ்சாம் நம்பர் வருது. ஜமுக்காளத்துக்குப் போடுற மொத்த நூலு. என்ன வெல குடுத்த?”

பாதியாகக் குறைத்து, “மூவாயிரம்” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னைக்கு ஒரு ஜமுக்காளம் கொண்டுபோன. அத விரிச்சுப் படுத்தாவது போன. இத என்னல செய்வ?”