வளவுக்கு வந்த மோல்மேன் பூ

எங்கள் ஐயா காலத்தில் பர்மாவின் மோல்மேனிலிருந்து காரைக்குடிக்கு எவ்வளவோ வந்தது. தேக்கு உத்தரம் வந்தது, அரக்குப் பெட்டி வந்தது. அந்த ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் பூக்கும் செருப்பு ஆர்க்கிட் மட்டும் வரவில்லை. 1850களில் அங்கே பாதிரியாராக இருந்த சார்லஸ் பாரிஷ் அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்தார். ஓர் இனத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றுகளின் கான்கலர் இனம் இன்று எங்கள் வளவில் பூக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஐயாவுக்குக் காட்டியிருக்கலாமே என்று இருக்கும்.

காரைக்குடி வெயிலில் ஆர்க்கிட்டா என்று கேட்காத விருந்தாளி இல்லை. இலையைப் பார்த்து வாங்கினால் வளரும். திட்டுத் திட்டாகக் கோலமிட்ட இலையுள்ள இனங்கள் பெரும்பாலும் வெக்கை தாங்கும். வெறும் பச்சை இலைக்காரிகள் ஏற்காட்டுக் குளிரைக் கேட்பார்கள். மற்ற ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்கும் நீரைச் சேர்த்துவைக்கும் பருத்த தண்டு உண்டு, இதற்குக் கிடையாது. அதனால் வேர் காயவும் கூடாது, ஊறவும் கூடாது. கரித்துண்டு, செங்கல் சில்லு, கான்கலருக்கு மட்டும் ஒரு பிடி கிளிஞ்சல் உடைசல். மண்ணே வேண்டாம்.

தண்ணீர்தான் பெரிய வேலை. நான் சிறுவனாக இருந்தபோது மழை பிடித்தால் வீடே வளவுக்கு வந்துவிடும். ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டும் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து, துணியால் வேடுகட்டி வைப்பார் அப்பத்தா. சமையலுக்கே அந்தத் தண்ணீர்தான். இப்போது தெருவெல்லாம் ஆழ்குழாய். அந்த உப்புத்தண்ணீரை ஊற்றினால் சில மாதத்தில் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். அண்டாக்கள் சாமான் அறைக்குப் போய்விட்டன. நான் மொட்டைமாடி மழையைச் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறேன்.

மொட்டு இலைக்கொத்தின் நடுவிலிருந்து வரும். வாரக்கணக்கில் அசையாதது போலவே இருக்கும். விரிந்தால் இளமஞ்சளில் பொடிப்பொடியாகச் செம்புள்ளி, கீழே பை. பைக்குள் விழும் பூச்சி வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கத்து இடுக்கு வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கொத்து ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூவுக்குப் பக்கக் கன்று வளர வேண்டும்.

அன்று செடி வாங்குவது வேறு மாதிரி இருந்தது. மலையடிவாரத்தில் காட்டிலிருந்து பெயர்த்த கொத்துகளைச் சாக்கில் கட்டி விற்பார்கள். வழியிலேயே பாதி அழுகும். இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நம் அகத்தியமலையே சாட்சி. தென்னிந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே செருப்பு ஆர்க்கிட்டின் பெயர் ட்ரூரியை. மஞ்சள் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு. 1865இல் கர்னல் ட்ரூரி அதைக் கண்டார். 1874இல் பெடோம் பெயர் சூட்டினார். அதற்குப் பிறகு வேரோடு அள்ளி அள்ளி, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. நாடுகளுக்கிடையே இந்தப் பேரினத்தின் காட்டுச்செடி வணிகத்துக்கு 1990 முதல் தடை. 1991இல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைச் சேர்த்துக்கொண்டது. கேரளத்தின் பாலோடு ஊரிலுள்ள தாவர ஆராய்ச்சி நிறுவனத்தார் ட்ரூரியை விதையை ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்து, நாற்றைக் காட்டிலேயே திரும்ப நட்டார்கள். என் மனத்துக்கு அதைவிடப் பெரிய தோட்டவேலை இல்லை.

விதை என்றால் தூசிதான். உள்ளே உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலே கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைக் கூழில் முளைக்கவைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். என்னிடம் இப்போதிருக்கும் செடிகளெல்லாம் அப்படிக் குடுவையில் பிறந்தவை. பூக்கச் சில வருடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் பேரன் கைபேசியை நீட்டினான். "ஐயா, இது மலிவா இருக்கு, வாங்குவமா?" படத்தில் வேரில் பாசியும் பாறை மண்ணும் ஒட்டியிருந்தன. குடுவை நாற்றின் வேர் அப்படி இராது. வேண்டாம் என்றேன். உங்களுக்கும் இதே வேண்டுகோள்: எங்கே வளர்த்த செடி, உரிய காகிதம் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.